பலெர்மோ பஸ்ஸில் நான் மன்னார்க்காரி ஆன கதை

இன்று ரயிலில் எதிரே இருந்த பெண், "தமிழோ? எந்த ஊர்?" என்று கேட்டார். வாய் தானாகவே "மன்னார்" என்றது. மன்னாரை நான் வரைபடத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

இந்தப் பொய் தொண்ணூறுகளில் பலெர்மோ என்ற இத்தாலிய நகரில் தொடங்கியது.

அப்போது ஐரோப்பாவில் வேறொரு நகரில் கம்பஸில் படித்துக்கொண்டிருந்தேன். விடுதியில் இருந்து சோதனைக்குப் படிக்கிறேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, மார்கழிக் குளிரில் சிநேகிதன் ரமணனோடு பலெர்மோ பார்க்கப் போனேன். பஸ்ஸில் ஒரு தமிழ் அன்ரி என்னையே பார்த்தார். ரமணனைத் தள்ளிப்போய் இருக்கச் சொன்னேன்.

"பிள்ளை எந்த ஊர்?"

ஊரைச் சொன்னால் அப்பாவின் பெயரைக் கேட்பார்கள். பெயரைச் சொன்னால் ஒரு கிழமைக்குள் அப்பாவின் காதுக்குப் போய்விடும்.

"மன்னார்."

"நானும் மன்னார்தான். எந்தக் கோயில் பங்கு?"

பங்கு என்றால் தேவாலயத்துக்குரிய ஊர்ப்பகுதி என்பதுகூட அப்போது எனக்குத் தெரியாது; "பங்கோ?" என்றேன். அன்ரி கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தார்.

"உண்மையைச் சொல்லு. உன்னை ஆர் அனுப்பினது? எனக்கு இங்க இருக்கிறதுக்குப் பேப்பர் இல்லையெண்டு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் அனுப்பேல்லை அன்ரி. நான் வீட்டுக்குத் தெரியாமல் வந்தனான்." ரமணனைக் காட்டினேன்.

அவனை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப நான் உன்னைக் காணேல்லை. நீயும் என்னைக் காணேல்லை."

வுச்சீரியாச் சந்தையடியில் இறங்கியவர், பஸ் போகும்வரை ஒரு தோடம்பழக் கடைக்குப் பின்னால் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்றைய ரயில் பெண்ணும் சிரித்துக்கொண்டே, "நானும் மன்னார்தான்" என்றார்.

எந்தப் பங்கு என்று நான் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

அதுதான் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.