தங்கைக்கு இரண்டு பக்கம்

பெரியவள் நகரத்து மாத இதழ் ஒன்றில் லேஅவுட் ஆர்டிஸ்ட். கட்டுரையும் படங்களும் அவள் மேசைக்கு வரும்; எதை எங்கே வைத்தால் வாசகர் கண் நிற்கும் என்று பார்த்துப் பக்கம் போடுவாள். ஊரில் யார் யாரையோ அழகாகக் காட்டியிருக்கிறாள். ஒருநாளும் வயிறு எரிந்ததில்லை, தன் தங்கை சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் படம் திரையில் வந்து நின்ற அன்றுவரை.

சின்னவள், வயதான பெண்களுக்கு விளையாட்டு மைதானத்தில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். பொழுதுபோகாமல் ஆரம்பித்தது. வருடம் திரும்புவதற்குள் எதிரெதிரே இரண்டு முழுப் பக்கம்! பெரியவளுக்கு இது பழைய கதை. இவள் மாங்குமாங்கென்று படித்து வாங்கிய மதிப்பெண்ணை அவள் விளையாட்டாக வாங்குவாள். இவள் முட்டி மோதியும் திறக்காத கதவு, அவள் மூச்சுக்காற்று பட்டாலே திறக்கும்.

பெரியவள் படத்தை இரண்டு பக்கத்துக்கும் விரித்தாள். பார்க்கிறவர்கள் அக்காவின் தாராளம் என்பார்கள். ஆனால் தங்கையின் முகத்தைக் கொண்டுபோய்ச் சரியாக நடுமடிப்பில் வைத்தாள். பசைபோட்டு ஒட்டுகிற இதழ் அது. மடிப்பில் விழுந்தது பாதி உள்ளே போய்விடும். சைக்கிள் முழுசாகத் தெரியும், சிரிப்பு தெரியாது. மனசுக்குள் ஒரு குளிர்ச்சி.

அச்செடுத்துக் காட்டியபோது ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார்.

"என்னம்மா, முகம் மடிப்புக்குள்ள போகுதே? புதுசா சேர்ந்தவங்ககூட இப்படிப் போட மாட்டாங்களே!"

"கவனிக்கல சார்."

பக்கத்து மேசைக்காரன் களுக்கென்று சிரித்தான். அவளுக்குக் காது மடல் சுட்டது. பொறாமைக்காரி என்று சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். வேலை தெரியாதவள் என்றல்லவா ஆகிவிட்டது!

அந்த ரோஷத்தில் உட்கார்ந்தாள். முகத்தை வலப்பக்கம் மேலே ஏற்றினாள். கட்டுரையை ஒற்றைப் பத்தியாக ஒடுக்கி, மைதானத்தின் வெறுமையை அப்படியே விட்டாள். தலைப்பைச் சின்னதாக்கினாள். சின்னவள் பக்கத்தைவிட்டு எழுந்து வருகிறமாதிரி இருந்தாள். இவ்வளவு நல்ல பக்கம் அவள் போட்டதே இல்லை. பாழாய்ப்போனது, அதுவும் தங்கைக்கே அமைந்தது.

இதழ் வந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டில் எல்லாரும் கூடியிருந்தார்கள். இதழ் கைமாறிக்கொண்டே இருந்தது.

"படம் எடுத்தவன் கெட்டிக்காரன்!" என்றாள் சித்தி.

"பக்கம் போட்டது நான், சித்தி."

"அதான் உன் வேலையாச்சேடி" என்று சித்தி அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டாள்.

பெரியவள் சமையலறைக்குப் போய் கழுவ வேண்டாத பாத்திரத்தையெல்லாம் எடுத்துக் கழுவினாள். சின்னவள் பின்னாலேயே வந்தாள்.

"அக்கா, எங்க சைக்கிள்காரங்களைப் பத்தி ஒரு புத்தகம் போடலாம்னு இருக்கோம். நீயே பக்கம் போட்டுக்கொடேன்."

'போடி' என்று சொல்லத்தான் வாய் திறந்தாள். "படம் எல்லாம் அனுப்பு. மங்கலா எடுத்தது ஒண்ணும் வேண்டாம்" என்று வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

சின்னவள் சிரித்தாள். படத்தில் இருந்ததைவிட நேரில் அந்தச் சிரிப்பு இன்னும் நன்றாக இருந்தது. அதற்கும் வயிறு எரிந்தது.