கேரியரில் அவர்

நாற்பது தாண்டிய பிறகுதான் நான் சைக்கிள் கற்றுக்கொண்டேன். ஆசைக்காக இல்லை. தோல் பதனிடும் டேனரியில் வேலை பார்த்த என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. கால் கொஞ்சம் திரும்பியது, எதையாவது பிடித்துக்கொண்டு நாலு எட்டு வைப்பார். கை மட்டும் தோளிலிருந்து சும்மா தொங்கியது. அதற்குப் பயிற்சி கொடுக்க ஹைவே பக்கம் ஓர் இடத்துக்குத் தினமும் வரச் சொன்னார்கள். தினமும் ஆட்டோ எங்களுக்குக் கட்டுப்படியாகாது. கல்யாணமாகி ஓசூர் போன மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிள் வீட்டில் இருந்தது.

"பொண்டாட்டி பின்னால குந்திக்கினு நான் ஆம்பூர்ல போறதா?" என்றார். வாய் கோணிப்போயிருந்தது, ரோஷத்துக்கு ஒரு குறையும் இல்லை. அப்படியென்றால் கை தொங்கிக்கொண்டே கிடக்கட்டும் என்றேன் நான். எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. கை வந்தால் திரும்ப வேலைக்குப் போகலாம் என்ற ஒரே ஆசையில்தான் ஒத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் பின்னால் இருந்த மைதானத்துக்குப் போனோம். கேரியரில் அவருக்குப் பதிலாக ஓர் அரிசி மூட்டையைக் கட்டினேன். அவர் ஒரு கல்லில் உட்கார்ந்து பார்த்தார். ஓட்டுவது எப்படியோ வந்துவிட்டது, நிறுத்தத்தான் வரவில்லை. நான் ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் பல வருஷம் உட்கார்ந்தவள். அந்த மிஷினில் பாதத்தின் முன்பக்கத்தை அழுத்தினால் ஓடும், குதிகாலை அழுத்தினால் நின்றுவிடும். எதிரே சுவர் வந்ததும் என் கால் தானாகக் குதிகாலை அழுத்தியது. பெடல் பின்னால் சுற்றியது. சைக்கிள் அது பாட்டுக்குப் போய்ச் சுவரில் மோத, மூட்டை பிய்ந்து அரிசி கொட்டியது.

"அது மிஷின் இல்லடி. கையில புடி," என்று சொல்லி, நோய் வந்த பிறகு முதல் தடவையாகச் சிரித்தார். முட்டி சிராய்த்த எரிச்சலில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அந்தச் சிரிப்பைக் கெடுக்க மனம் வரவில்லை, அரிசியைப் பொறுக்கிக்கொண்டே நானும் சிரித்தேன்.

மூட்டை விழுந்தால் பொறுக்கிக்கொள்ளலாம். அவர் ஒரே கையால் சீட்டைப் பிடித்து உட்கார வேண்டியவர். வெடுக்கென்று கிளம்பினால் பின்னால் சாய்வார், பட்டென்று பிரேக் போட்டால் என் முதுகில் முட்டிச் சரிவார். அதனால் பெடலில் மெல்ல எடையை இறக்கிக் கிளம்பப் பழகினேன். நிற்கும் இடத்துக்கு வெகு முன்னாலேயே மிதிப்பதை விட்டு, பின் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்தேன். வலது கால்தான் அவருக்கு ஊன்றும் என்பதால் நிற்கும்போதெல்லாம் சைக்கிளை வலப்பக்கம் சாய்க்க வேண்டும், பஸ் வருகிற பக்கம். திட்டிவிட்டுப் போன டிரைவர்களுக்கு நானும் பதில் கொடுத்தேன்.

மழைக்காலம் முழுக்கப் போனோம். ஒரு விரல்கூட அசையவில்லை. கடைசியில் பயிற்சி கொடுக்கிற பெண், கை இதற்கு மேல் வராது, இனி பயிற்சிக்கு வர வேண்டியதில்லை என்று அவரிடமே பக்குவமாகச் சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டு வந்து கேரியரில் உட்கார்ந்தார்.

வீட்டுக்குத் திரும்பினோம். ரயில்வே பாலத்தடியில் போகும்போது அவர் நெற்றி என் முதுகில் வந்து படிந்தது. பிறகு ஜாக்கெட் நனைந்தது. இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. எங்கள் தெருமுனை வந்துவிட்டது, வாசல்களில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் மிதிப்பதை விட்டேன்.

"நிறுத்தாதம்மா," என்றார். "இப்டியே எறங்க முடியாது என்னால."

தெருவைத் தாண்டி மிதித்தேன். பிரியாணிக் கடைகள் போயின, பஸ் ஸ்டாண்ட் போனது. எங்கே போகிறோம் என்று அவர் கேட்கவில்லை. என் முதுகில் அந்தக் குலுங்கல் அடங்குகிற வரைக்கும் நான் மிதித்துக்கொண்டே இருந்தேன்.