கை மூடித் தைத்த சட்டை

மூன்று பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டிருக்கிறேன். முதல் இரண்டையும் படிக்க அனுப்பினேன். கடைக்குட்டியை அனுப்பியது பழிவாங்க.

இதை வீட்டுக்காரரிடம் சொன்னதில்லை. அவர் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய் ஏற்றி அனுப்புகிற வேலையில் இருக்கிறார். பிள்ளைகள் படிப்பு என் பொறுப்பு. ஒரே ஒரு தடவை, "பக்கத்துலயே புதுசா ஸ்கூல் வந்துருக்கே, வேன்லாம் வருது, பாப்பாவ அதுல போட்ருவமா?" என்று கேட்டார்.

"வேணாங்க. பெரியவன் படிச்ச ஸ்கூலே இருக்கட்டும். பழகின எடம்" என்றேன்.

பழகின இடம்தான். அங்கே எல்.கே.ஜி. வகுப்பில் இன்னமும் அதே மிஸ் இருந்தார். மனதுக்குள் எனக்கு அவர் 'அவள்'தான். எழுதும்போது மட்டும் மரியாதை கொடுக்கிறேன்.

பெரியவன் இடது கைக்காரன். குழந்தையிலிருந்தே எதை நீட்டினாலும் இடது கைதான் முன்னால் வரும். நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்.கே.ஜி. சேர்த்த இரண்டாவது வாரம் அந்த மிஸ் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். வகுப்பு வாசலில், மற்ற அம்மாக்கள் நிற்கும்போதே, "என்னம்மா பிள்ள வளத்துருக்கீங்க? பீச்சாங்கையில எழுதுறான். கையக் கட்டிப் போட்டாவது பழக்குங்க" என்றார். இரண்டு அம்மாக்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் கூனிக் குறுகிப் போய்விட்டேன். அன்று சாயங்காலம் பார்த்தால், அவன் இடது கை முட்டியில் ஸ்கேல் பட்ட இடம் சிவந்து கிடந்தது.

நான் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டுத் தைக்கிறவள். ஜாக்கெட், சுடிதார், பள்ளிக்கூட யூனிபார்ம் எல்லாம் வரும். மறுநாள் அவனுடைய நீலநிற முழுக்கைச் சட்டை ஒன்றை எடுத்து, இடது கையின் நுனியை மூடித் தைத்தேன். தலையணை உறையின் மூலை மாதிரி ஆகிவிட்டது. உள்ளே போன கையால் பென்சிலைப் பிடிக்க முடியாது. வீட்டுப்பாடம் எழுதும்போதெல்லாம் அதைப் போட்டுவிட்டேன். முதல் வாரம் தரையில் புரண்டு அழுதான். பிறகு அழவில்லை. பள்ளி விட்டு வந்ததும் அவனே சட்டையை எடுத்துக்கொண்டு வந்து, கையை நீட்டிக்கொண்டு என் முன்னால் நிற்பான். ஒரு வருஷம் முழுக்க அப்படி நின்றான்.

கை மாறிவிட்டது. மிஸ் நோட்டில் நட்சத்திரம் போட்டு அனுப்பினார். நானும் சந்தோஷப்பட்டேன், பொய் சொல்லக் கூடாது.

அவன் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது ஒரு நாள் போஸ்ட் ஆபீசுக்குப் போயிருந்தேன். கவுன்ட்டரில் இருந்த அம்மா இடது கையால் சரசரவென்று எழுதிக்கொண்டிருந்தார். முத்து முத்தான எழுத்து. முத்திரை குத்துவதும் இடது கைதான். அவரைச் சுற்றி ஒருவரும் வாயைப் பொத்திச் சிரிக்கவில்லை. "அடுத்து யாரும்மா?" என்று அவர் கேட்டது என்னைத்தான் என்று புரியச் செத்த நேரம் பிடித்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த மிஸ்ஸைத் திட்டிக்கொண்டே வந்தேன். அன்று ஆரம்பித்த கறுவல் அது.

பெரியவன் இப்போது எட்டாம் வகுப்பு. தெருவில் கிரிக்கெட் ஆடும்போது இடது கையால் பந்து போடுகிறான், நன்றாகவே போடுகிறான். பரீட்சையில் வலது கையால் எழுதி, எல்லாம் தெரிந்தும் பாதிப் பேப்பரோடு வருகிறான். கையெழுத்து கோழி கிளறினது போல இருக்கும். ஒவ்வொரு பரீட்சைக்கும் அந்த மிஸ் மேல் எனக்கு ஒரு சுற்றுக் கோபம் ஏறும்.

கையில் கிடைத்ததை விடவும் இல்லை. ஒரு தடவை, பக்கத்து வீட்டு அக்கா மூலமாக ஒரு ஜாக்கெட் துணி வந்தது. "ஒன் பெரியவனுக்கு எல்.கே.ஜி. எடுத்தாங்கல்ல, அந்த டீச்சரம்மாவுது" என்றார். எனக்குக் கை பரபரத்தது. அளவு ஜாக்கெட்டை விரித்து வைத்து, ஒரு பிசகும் இல்லாமல் வெட்டினேன். வலது கை அக்குளில் மட்டும் அரை இஞ்சு குறைத்தேன். போட்டுப் பார்த்தால் தெரியாது. போர்டில் எழுதக் கையைத் தூக்கினால்தான் தெரியும். நாலு நாளில் திரும்பி வந்தது. "துணி சுருங்கியிருக்கும்க்கா, புது நீலச்சாயம்ல" என்று சொல்லிப் பிரித்துக் கொடுத்தேன். அந்த நாலு நாளும் எனக்குச் சோறு தேனாக இறங்கியது.

நடுப்பெண் வலது கைக்காரி. அவளுக்கு வாய்த்த மிஸ்ஸும் வேறு. என் கோபத்துக்கு அவளால் பிரயோஜனம் இல்லை. கடைசியாகப் பிறந்தாள் பாப்பா. எட்டு மாதத்தில் கிலுகிலுப்பையை இடது கையால் பிடுங்கினாள். தெருவில் பூக்காரம்மா முழம் பூவை நீட்டினால் இடது கையை நீட்டினாள். பூக்காரம்மா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, "நல்ல கைய நீட்டு தாயி" என்றார். "ரெண்டும் நல்ல கைதான், குடுக்கா" என்று நான் விட்ட அதட்டலில் அவர் கூடையே ஆடிப்போனது.

இவள் கையை ஒருத்தியும் தொடக் கூடாது என்று முடிவு செய்தேன். அதே மிஸ்ஸிடம் கொண்டுபோய் விட வேண்டும். அவர் இவள் கையை மாற்றச் சொல்ல வேண்டும். அப்போது எல்லா அம்மாக்களும் பார்க்க, பெரியவனுக்கும் சேர்த்து வட்டியும் முதலுமாகக் கொடுக்க வேண்டும். பேச வேண்டியதையெல்லாம் மெஷினை மிதித்துக்கொண்டே ஒத்திகை பார்த்தேன். விஜயதசமிக்கு, தட்டில் பரப்பிய அரிசியில் பாப்பாவின் இடது கை விரலைப் பிடித்துத்தான் 'அ' போட வைத்தேன். அடுத்த நாள் சாக்பீசை வலது கையால் எடுத்தாள். அந்தக் கையில் சுளீரென்று ஒரு தட்டுத் தட்டினேன். "இந்தக் கையில தொடுவியா? தொடுவியா?" என்று இரண்டாவது தட்டும் விழுந்தது. பாப்பா பெரியவனைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். அவன் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கையைக் கழுவிக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

அந்த நீலச் சட்டையை நான் தூக்கிப் போடவில்லை. டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்திருந்தேன். மிஸ்ஸின் மேஜைமேல் போட்டு, "பாருங்க, நீங்க செய்யச் சொன்னது" என்று காட்டுவதற்காக. பள்ளி திறக்கிற அன்று காலையில் பெட்டியைக் கவிழ்த்துத் தேடினேன். கிடைக்கவில்லை. எலி இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்று நினைத்தேன். பெரியவனும் நடுப்பெண்ணும் முன்னமே சைக்கிளில் கிளம்பிவிட்டார்கள். நேரமாகிவிட்டது. சட்டை இல்லாமலே புறப்பட்டேன்.

பாப்பா போட்டிருந்தது நான் தைத்த யூனிபார்ம். நெஞ்சில் கைக்குட்டையை ஊக்கு போட்டுக் குத்தியிருந்தேன். அவள் இடது கையை நான் பிடித்திருந்தேன், திருவிழாக் கூட்டத்தில் பிடிப்பது போல இறுக்கமாக. பள்ளி வாசலில் பிள்ளைகள் அழுத அழுகையில் தெருவே கூடிவிடும் போலிருந்தது. ஒரு பையன் கேட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவே இல்லை. இவள் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தாள். என் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டாள். "நீ போம்மா" என்றாள்.

நாலு வருஷமாக மெஷின் காலடியில் துணி வெட்டலை அளைந்துகொண்டு கிடந்தவள். அழுதிருந்தால் தூக்கிக்கொண்டு திரும்பியிருப்பேன், பழியாவது ஒன்றாவது. அழாததில் எனக்கு வருத்தம். வருத்தப்பட வைத்ததில் அவள் மேலேயே கோபம். இவ்வளவுக்கும் நடுவில், நாளையிலிருந்து மத்தியானம் வரை தடங்கலில்லாமல் தைக்கலாம் என்று ஒரு நிம்மதி வேறு எட்டிப் பார்த்தது. அதற்காக என்னையே திட்டிக்கொண்டேன்.

அந்த மிஸ்ஸுக்குத் தலை பாதி நரைத்திருந்தது. கண்ணாடி போட்டிருந்தார். நான் வகுப்பு வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பக்கத்தில் நாலைந்து அம்மாக்கள். சாட்சிக்குப் போதும். பாப்பாவின் முன்னால் ஒரு தாளையும் கிரேயான் டப்பாவையும் வைத்தார். அவள் சிவப்பை எடுத்தாள், இடது கையால். நான் மூச்சை இழுத்துப் பிடித்தேன்.

மிஸ் குனிந்து பார்த்தார். அவளை எழுப்பி, பெஞ்சின் இடது ஓரத்துக்குக் கொண்டுபோய் உட்கார வைத்தார். "ஓரத்துல இருந்தாதான் பக்கத்துப் பிள்ள கை இடிக்காது, என்ன?" என்று சொல்லி, தாளையும் கொஞ்சம் சாய்த்து வைத்தார். அடுத்த பிள்ளையிடம் போய்விட்டார்.

அவ்வளவுதான். ஆறு வருஷக் கறுவலுக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது.

"மிஸ்" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "கைய மாத்தச் சொல்லலையா?"

"இப்பல்லாம் அப்படிச் சொல்றதில்லம்மா. எந்தக் கை வருதோ அதுல எழுதட்டும்."

இப்பல்லாம்! யாரோ சட்டத்தை மாற்றிவிட்டார்களாம், இவர் பழைய பாவத்தைக் கழுவிவிட்டுக் கிரேயான் கொடுக்கிறாராம். என்னால் பொறுக்க முடியவில்லை.

"என் பெரியவன நீங்கதான் ஸ்கேலால அடிச்சீங்க. கையக் கட்டிப் போடச் சொன்னீங்க. இதே வாசல்ல வச்சு."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அடிச்சிருப்பேம்மா. அப்பல்லாம் கையில ஸ்கேலோடதான் திரிவோம். தப்புதான்" என்றார். நான் அடுத்த வார்த்தையை எடுப்பதற்குள், "ஆனா கட்டிப் போடச் சொல்றதெல்லாம் ஒரு பேச்சுக்குச் சொல்றது. அம்புட்டு அம்மாமார்ட்டயும் சொல்லுவேன். யாரு செஞ்சா? வீட்டுக்குப் போனதும் பிள்ள இஷ்டத்துக்கு விட்ருவாங்க. நானும் ரெண்டு நாள் கத்திட்டு விட்ருவேன்" என்றார்.

அவர் என் முகத்தையே உற்றுப் பார்த்தார். "நீங்க டெய்லரம்மாதானே? ஒங்ககிட்ட ஒரு ஜாக்கெட் தச்சு, போர்டுல எழுதக் கையத் தூக்க முடியாம அம்புட்டுப் பாடு பட்டேன்" என்று சிரித்தார். பக்கத்து அம்மாக்களும் சிரித்தார்கள். ஜாக்கெட் ஞாபகம் இருந்தது அவருக்கு. என் பிள்ளை ஞாபகம் இல்லை.

பேகம்பூர் பக்கம் போகிற பஸ்கள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போன ரோட்டோரமாக நடந்து வந்தேன். யாரு செஞ்சா, யாரு செஞ்சா என்று காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. சொன்னவள் அவள்தானே என்று திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டேன். வீட்டில் மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். காலடியில் வெட்டல் துணிகள் அப்படியே கிடந்தன. ஒரு சுடிதார்க் கையைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டு, உட்கார்ந்து பிரித்தேன்.

மத்தியானம் பாப்பாவைக் கூட்டி வந்தேன். சாயங்காலம் பெரியவன் வந்ததும் வராததுமாக அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து புத்தகத்தை விரித்தான். அவள் சிலேட்டில் இழுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏலே, பெட்டிக்குள்ள ஒன் பழைய நீலச் சட்ட ஒண்ணு கெடந்துச்சே, பாத்தியா?" என்று கேட்டேன்.

"கை மூடித் தச்சதா?"

"ஆமா."

"தூக்கிப் போட்டுட்டேன்."

"எப்படா?"

"பாப்பாவுக்கு யூனிபார்ம் துணி எடுத்துட்டு வந்தேல்ல, அன்னைக்கு." புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "எதுக்குடா போட்ட? அந்த மிஸ் மூஞ்சில வீசணும்னுதான இம்புட்டு வருசமா வச்சிருந்தேன்! ஒன்ன அடிச்சு, கைய மாத்தி..."

"எந்த மிஸ்?"

சொன்னேன். எல்.கே.ஜி., ஸ்கேல், வாசல், எல்லாம் சொன்னேன். அவன் யோசித்துப் பார்த்துவிட்டு, "எனக்கு அவங்கள ஞாபகமே இல்லம்மா. சட்டைதான் ஞாபகம் இருக்கு" என்றான்.

அவன் பேனா மூடியைத் திருகிக்கொண்டே, இன்னும் மெதுவாகச் சொன்னான்:

"விஜயதசமிக்கு மறுநாள் பாப்பாவ வலது கையில அடிச்சேல்ல. அந்தச் சட்டையப் பிரிச்சு, வலது கைக்கு மூடித் தச்சு அவளுக்குப் போட்டு விட்ருவியோன்னு நெனச்சேன்."

பாப்பா சிலேட்டிலேயே கண்ணாக இருந்தாள். அப்போதுதான் பார்த்தேன். அவளுக்கும் என் தையல் மெஷினுக்கும் நடுவில் அவன் உட்கார்ந்திருந்தான். விஜயதசமியிலிருந்தே அங்கேதான் உட்கார்ந்துகொண்டிருக்கிறான்.