ஜேசிபி கையில் தொங்கிய சுமைதாங்கி

நான் செய்கிற வேலையை அத்தை வேலையாகவே மதித்ததில்லை. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு ஜேசிபி ஓட்டப் போனவன் நான். சொந்தக்காரர்கள் கேட்டால், "குழி தோண்டுறான்" என்பாள். அப்படிப்பட்டவள் ஒரு காலையில் ராஜபாளையத்திலிருந்து ஆட்டோ பிடித்து, நான் நிற்கிற இடத்துக்கே வந்து, என் வண்டியின் முன் டயரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். 

"என்ன அத்தே, டயருக்கு மாலை எங்கே?" என்றேன்.

"வாய மூடு மருமகனே. கல்லுக்கு ஒரு கீறல் விழாம எடுத்துக் குடு. அது போதும்."

ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவே ரோட்டை அகலப்படுத்திக்கொண்டிருந்தோம். வன்னியம்பட்டிக்குப் பாதை பிரிகிற விலக்கைத் தாண்டி, ஓரத்துப் புளியமரங்களையெல்லாம் சாய்த்தாயிற்று. அடுத்தது அந்தச் சுமைதாங்கி. இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்கே கிடத்தியிருக்கும். தலைச்சுமையோடு நடந்து வருகிறவர்கள் பிறத்தியார் கை இல்லாமல் இறக்கி வைத்து, திரும்பவும் தாங்களே தூக்கிக்கொள்ளலாம். வயிற்றில் பிள்ளையோடு ஒரு பெண் செத்துப்போனால், அவள் சுமை இறங்கட்டும் என்று அவள் பேரில் வைக்கிற கல் அது.

இந்தக் கல்லுக்குரியவள் எங்கள் வீட்டில் பிறந்தவள். எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் வளைகாப்பு முடிந்து, புகுந்த வீட்டிலிருந்து மாட்டு வண்டியில் பிறந்த வீட்டுக்கு வரும் வழியில், இந்த இடத்தில் இறந்துவிட்டாளாம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பிறந்த பெண்களானாலும், அவர்கள் வயிற்றில் பிறந்த பெண்களானாலும், பிள்ளைத்தாச்சியாக இந்த வழியே பிறந்த வீட்டுக்கு வரும்போது இங்கே இறங்குவார்கள். கட்டுச்சோற்றுத் தூக்குவாளியை அந்தக் கல்லில் இறக்கி வைத்து, தண்ணீர் ஊற்றி, திரும்பத் தூக்கிக்கொண்டு போவார்கள். இறங்காமல் போனவள் ஒருத்தியும் கிடையாது.

அத்தை மகள் ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவளுக்கு ஏழாம் மாதம். வருகிற வெள்ளிக்கிழமை வளைகாப்பு. கையோடு அத்தை அவளை ராஜபாளையத்துக்குக் கூட்டி வர வேண்டும். முதல் பிள்ளை கலைந்து, இது இரண்டாவதாகத் தங்கியது. டயரை ஏன் தொட்டுக் கும்பிட்டாள் என்று இப்போது விளங்கியிருக்கும்.

சூப்பர்வைசரிடம் கெஞ்சிக் கூத்தாடி மத்தியானம் வரைக்கும் நேரம் வாங்கியிருந்தேன். அவர் மஞ்சள் அடித்த எல்லைக் கல்லைக் காட்டிச் சொன்னார்.

"இதுக்கு அந்தப் பக்கம் கோயிலே கட்டிக்கோ. இந்தப் பக்கம் ஒரு கூழாங்கல் கூட நிக்கக் கூடாது. மத்தியானம் தாண்டுச்சுன்னா உடைச்சுப் பள்ளத்துல தள்ளிருவேன் தம்பி. பொறவு என்னைத் திட்டப்படாது."

கல்லை எடுத்து, குட்டியானை வண்டியில் ஏற்றி, எங்கள் தெரு முனையில் நட்டுவிடுவது என்பது அத்தையின் ஏற்பாடு. குறுக்குக் கல்லை ஆட்கள் நெம்பி மரக்கட்டைகளின் மேல் இறக்கி வைத்ததும், நட்ட கற்கள் இரண்டும் சுளுவாக வந்துவிட்டன. குறுக்குக் கல்லில்தான் வம்பு. அடியில் குனிந்து பார்த்தால், ஒரு ஓரத்திலிருந்து நடுவரைக்கும் மயிரிழை போல ஒரு விரிசல். போதாததற்கு என் வண்டியிலும் ஒரு நோய் உண்டு. சிலிண்டரில் ஆயில் கசிந்து, கையைத் தூக்கிச் சும்மா நிறுத்தினால் அது தானாகக் கீழே இறங்கும். முதலாளியிடம் பலதடவை சொல்லியாயிற்று. மண் அள்ளுவதற்கு இது போதும் என்று விட்டுவிட்டார்.

கல்லின் இரண்டு பக்கமும் பெல்ட்டைக் கட்டி, இடையில் சாக்கை மடித்துக் கொடுத்து, லிவரை மெல்ல மெல்ல இழுத்தேன். கல் இடுப்புயரத்துக்கு எழும்பியது. அத்தை கண்ணை மூடிக்கொண்டு எதையோ முணுமுணுத்தாள். அந்த நேரம் பார்த்து ஒரு டிராக்டர் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து குறுக்கே நின்றது.

வெள்ளை மீசை வைத்த ஒரு பெரியவரும் கூட நாலைந்து ஆட்களும் குதித்தார்கள். டிராக்டரில் பெயிண்ட் அடித்த இரும்புக் கம்பிக் கதவு ஒன்றும், சுருட்டிய ஃபிளக்ஸ் ஒன்றும் கிடந்தன.

"ஏலே, நிறுத்துலே! யாரு வீட்டுக் கல்லை யாரு தூக்குறது?" என்றார் பெரியவர்.

"எங்க வீட்டுக் கல்லு. எங்க வீட்டுப் பொண்ணு இங்கனதான் செத்தா" என்றாள் அத்தை.

"செத்தது எங்க வீட்டு மருமக. எங்க பாட்டனுக்கு அப்பா கட்டுன பொண்டாட்டி. கல்லு வச்சதும் அவருதான்."

அத்தையின் முகம் வெளிறிவிட்டது. அந்தச் சாவுக்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை முறிந்துபோனது எங்களுக்குத் தெரியும். பழியை இவர்கள் அவர்கள் மேல் போட்டார்கள், அவர்கள் இவர்கள் மேல் போட்டார்கள். பேச்சு போய், போக்குவரத்து போய், கடைசியில் அந்த வீடு எந்த ஊர் என்பதே மறந்துபோயிற்று. நாங்கள் பொங்கலுக்கு மறுநாள் வந்து விளக்குப் போடுவோம். அவர்கள் ஆடி வெள்ளியில் வருவார்களாம். கல்லில் கிடந்த திருநீற்றை யாரோ வழிப்போக்கர் பூசியது என்றுதான் இரண்டு பக்கமும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

"நாசமாப் போறவங்களா, அந்த நேரத்துல வண்டியில அனுப்பலாமா?" என்றாள் அத்தை. போன வாரம் நடந்தது போலக் கேட்டாள்.

"அனுப்புங்க அனுப்புங்கன்னு மூணுவாட்டி ஆள் விட்டது யாரு? உங்க ஆளுகதான?" பெரியவரும் விடவில்லை.

கல் தொங்கிக்கொண்டிருந்தது. வண்டியின் கை இறங்கத் தொடங்கியிருந்தது. நான் லிவரைத் தட்டி ஒரு விரற்கடை ஏற்றினேன். ஏற்றும்போது கல் குலுங்கியது. குலுங்கினால் விரிசல். ஏற்றாவிட்டால் ஒரு முனை தரையில் இடிக்கும். இடித்தாலும் விரிசல்.

"சண்டையை அப்புறம் வச்சுக்கோங்க. எங்கே இறக்கணும்னு மட்டும் சொல்லுங்க" என்று கத்தினேன்.

"டிராக்டர்ல!" என்றார் பெரியவர். "குட்டியானையில!" என்றாள் அத்தை.

பெரியவர் ஆட்களை விட்டு ஃபிளக்ஸை விரித்தார். அவர்கள் வம்சாவளி. மேலே மூதாதைகள், கீழே கிளை கிளையாக மீசைகள். போட்டோ கிடைக்காத மீசைகளுக்குக் குத்துவிளக்குப் படம்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "தாத்தா, இதுல அந்த ஆத்தா எங்கே?" என்றேன்.

அவர் விரலை வைத்துத் தேடினார். பாட்டனுக்கு அப்பாவின் பக்கத்தில் மனைவி என்று ஒரு பெயர் இருந்தது. அது இரண்டாவதாகக் கட்டியவளின் பெயர். விரல் அங்கேயே நின்றுவிட்டது.

"பேராவது தெரியுமா?"

"தாயின்னுதான் சொல்லுவோம்."

நான் அத்தையைப் பார்த்தேன். அவள் பார்வையை வேறு பக்கம் திருப்பினாள். எங்கள் வீட்டிலும் 'வழியில போனவ' என்பதுதான் பெயர்.

"நல்ல கதைதான்" என்றேன். "அவ வயித்துல கிடந்ததும் அவ கூடவே போயிருச்சு. இங்க நிக்கிறதுல அவ பெத்த வழியில வந்தது ஒண்ணு கூட கிடையாது. வாரிசுன்னு சண்டை மட்டும் ரெண்டு பக்கமும்!"

யாரும் சிரிக்கவில்லை. "எறங்கி வாலே, அந்த வாயிலயே போடுதேன்" என்றாள் அத்தை.  அன்றைக்கு நான் சொல்லியிருக்க வேண்டாத வார்த்தை அது என்று இப்போதும் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அதைச் சொல்லும் நேரத்தில் கல்லைக் கவனித்திருக்கலாம்.

'க்ரக்' என்று ஒரு சத்தம். ஒரு பக்கத்துப் பெல்ட் சாக்கை விட்டு நழுவியிருந்தது. கல் சாய்ந்தது. விரிசலிலிருந்து மாவு போலத் தூள் உதிர்ந்தது. பெரியவரின் ஆள் ஒருவன் அதைத் தாங்கப் போகிறவனாகக் கையை நீட்டிக்கொண்டு அடியில் ஓடினான்.

நான் ஹாரனை அமுக்கினேன். விடாமல் அமுக்கினேன். "தள்ளிப் போலே! நசுங்கிச் சாவே!"

பெரியவர் அவன் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தார். "இறக்குலே!" என்றார். அதே நேரத்தில் "இறக்குடா!" என்றாள் அத்தை.

"எங்கே?"

"எங்க வேணும்னாலும் இறக்கு!"

அது யார் சொன்னது என்று தெரியவில்லை. ஒரு பக்கம் ரோடு, மதுரை பஸ் வந்துகொண்டிருந்தது. இன்னொரு பக்கம் வெட்டிப் போட்ட புளியந்தடிகள். பின்னால் டிராக்டர். கை எட்டுகிற தூரத்தில் காலியாகக் கிடந்தது ஒரே இடம்தான். மஞ்சள் கல்லுக்கு அந்தப் பக்கம், மக்காச்சோளம் அறுத்த ஒரு காட்டின் வரப்பு. மூச்சைப் பிடித்துக்கொண்டு கையைத் திருப்பினேன். கல் சோளத்தட்டையின் மேல், பொலபொலப்பான மண்ணில், சத்தமில்லாமல் போய் உட்கார்ந்தது. என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

எல்லோரும் ஓடிப்போய்க் குனிந்தார்கள். விரிசல் முன்பைவிட நீண்டிருந்தது. ஆனால் கல் ஒன்றாகவே இருந்தது.

"இனிமே இதைத் தூக்குனா ரெண்டாத்தான் வரும். நான் தொட மாட்டேன்" என்றேன்.

பெரியவர் நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தார். மீசைக்குள் ஒரு சிரிப்பு வந்தது. "இது எங்க காடு. அவ எங்க மண்ணுலதான் எறங்கியிருக்கா."

"எறங்கட்டும்" என்றாள் அத்தை. "அந்தக் கதவு எதுக்குக் கொண்டாந்திய?"

"சுத்திக் கம்பி வச்சு அடைக்கணும்ல? குடிகாரப் பயலுவ உக்காந்து அசிங்கம் பண்ணுவானுவ. நீங்க வந்தா தெறந்து விடுதோம்."

"வெள்ளிக்கிழமை எம் மக ஏழு மாசத்தோட வாரா. பிள்ளைத்தாச்சி பாரத்தை வச்சுக்கிட்டு, சாவி வச்சிருக்கவனைத் தேடிக்கிட்டு நிக்கணுமோ?"

அவர் டிராக்டரில் கிடந்த கதவைத் திரும்பிப் பார்த்தார்.  அத்தை ஆட்டோவில் ஏறினாள். நான் நட்ட கற்கள் இரண்டையும் அதன் பக்கத்தில் இறக்கி வைத்துவிட்டு, மறுபடியும் வேலையைத் தொடங்கினேன்.

அந்த வாரம் சூப்பர்வைசர் எனக்குக் கொடுத்த வேலை, மஞ்சள் கல்லை ஒட்டி மழைத்தண்ணீர் ஓட வாய்க்கால் தோண்டுவது. ரோட்டுக்கும் சுமைதாங்கிக் கல்லுக்கும் நடுவே இடுப்பளவு ஆழத்தில் என் கையாலேயே தோண்டினேன். குழி தோண்டுறவன்தானே.

வெள்ளிக்கிழமை வளைகாப்பு முடிந்து காரில் கிளம்பினோம். அத்தை மகளுக்கு இரண்டு கை நிறைய வளையல். மடியில் தூக்குவாளி.

"என்னைக் கட்டியிருந்தா ஜேசிபியிலயே கூட்டிட்டுப் போயிருப்பேன்ட்டி" என்றேன்.

"சும்மா வா மச்சான். வாய்க்காலத் தோண்டி வச்சிருக்கியாமே, நான் என்ன தாண்டிக் குதிக்கவா?"

நான் சிரிக்கப் பார்த்தேன். அத்தை முன் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ரோட்டையே பார்த்தபடி வந்தாள். கதவு போட்டிருந்தால் இறங்க மாட்டேன், அப்படியே போகவும் மாட்டேன் என்று வீட்டில் வைத்தே சொல்லியிருந்தாள். பிறகு என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரிந்திருக்காது.

விலக்கைத் தாண்டியதும் டிராக்டர் தெரிந்தது. கடப்பாரையோடு ஆட்கள், கல்லை அங்குலம் அங்குலமாக நெம்பி ஏற்றியிருந்தார்கள். நட்ட இரண்டு கற்களின் மேல் குறுக்குக் கல். கம்பிக் கதவு எங்கே என்றுதான் எங்கள் எல்லோர் கண்ணும் தேடியது.

அது படுத்துக் கிடந்தது. நான் தோண்டிய வாய்க்காலின் மேல், இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் பாலமாக. கால் வழுக்காமல் இருக்க அதன் மேல் சாக்கு விரித்திருந்தார்கள்.

பெரியவர் அந்தக் கரையில் நின்றார். "பாத்து வா தாயி, ஆடாது" என்று கையை நீட்டினார். இந்தப் பக்கம் நான் பிடித்துக்கொண்டேன். அத்தை மகள் ஒவ்வோர் அடியாக வைத்து நடந்தாள்.

கல்லின் முன்னால் போய் நின்றவள், விரிசலைப் பார்த்துவிட்டு அத்தையைத் திரும்பிப் பார்த்தாள்.  "வைய்யி, கீழே முட்டுக் குடுத்திருக்கோம்" என்றார் பெரியவர். சொன்னாரே தவிர, அவர் கையும் கல்லுக்கு அடியில்தான் இருந்தது.

தூக்குவாளியை இறக்கினாள். 'டக்' என்று ஒரு சத்தம். எல்லோரும் அப்படியே நின்றோம். பாத்திரத்தின் மூடி அசைந்த சத்தம்தான். அத்தை தண்ணீர் ஊற்றினாள். அது விரிசலில் ஓடி, அந்தப் பக்கம் சொட்டியது.

"போதும், தூக்கும்மா" என்றார் பெரியவர். "வழியில ரொம்ப நேரம் நிக்கப்படாது."

அவள் தூக்கிக்கொண்டாள்.