பலா மரக் காளானும் பச்சைப் பூசணமும்

நான் கண்டுபிடித்த புதுக் காளானின் டி.என்.ஏ. முடிவு, சாதாரணப் பச்சைப் பூசணம் என்று வந்தது. மரத்தை அழுகவைக்கும் காளான்களை இனம் பிரித்துப் பெயர் வைக்கிற தொழிலில் இதைவிடக் கேவலம் கிடையாது. முன்பெல்லாம் நுண்ணோக்கியும் நல்ல கண்ணும் போதும். இப்போது டி.என்.ஏ. இல்லாமல் எந்த ஆய்விதழும் வாசலில்கூட நிற்கவிடாது. காளானைச் சீவிச் சீவிப் பார்த்தே கண்ணைக் கெடுத்துக்கொண்டவர்கள் இருந்தால் உட்காருங்கள். உங்களுக்குத்தான் இது.

எதற்குப் பெயர்?

கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு மேலே, சின்னப்பன் என்பவர் கொல்லையில் விழுந்து கிடந்த பலா மரத்தில் அதைப் பார்த்தேன். காது மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. மேலே துருப்பிடித்த நிறம், அடியில் ஊசித் துளைகள். ஒரு சொட்டுக் காரக் கரைசல் விட்டேன். கத்திரிப்பூ நிறமானது. கள்ளக்குறிச்சிக்கு எடுத்துவந்து பிளேடால் சீவிப் பார்த்தால், வித்துகள் எந்தப் புத்தகத்தோடும் ஒத்துப்போகவில்லை. புதுசு. சத்தியமாகப் புதுசு. கல்லூரியில் தாவரவியல் நடத்தி ஓய்ந்தவனுக்குப் பெயர் நிற்க வேறு வழி ஏது?

இன்னும் கொஞ்சம் வெட்ட மறுபடி போனேன். சின்னப்பன் நின்று பார்த்துவிட்டுக் கேட்டார்: "தின்னவும் ஆவாது, மருந்துக்கும் ஆவாதுன்றீங்க. அப்புறம் இன்னாத்துக்கு சார் இதுக்குப் பேரு?"

வயிற்றெரிச்சல்

சிவலிங்கம் என்னோடு எம்.எஸ்ஸி. படித்தவன். சென்னையில் ஆய்வகம் வைத்திருக்கிறான். மலை ஏறமாட்டான், மூச்சு வாங்கும். யாராவது பறித்து அனுப்புவதை டி.என்.ஏ. மெஷினில் போடுவான். அதிலேயே ஆறேழு புது இனம். இனத்தின் பெயருக்குப் பின்னால் அதை முதலில் விவரித்தவர் பெயரைப் போடுவது எங்கள் வழக்கம். அவன் பெயர் அப்படி வரிசையாக நிற்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். எரியாதா?

ஒரு கருத்தரங்கில், சாப்பாட்டு வரிசையில் பின்னாலிருந்து தோளைத் தட்டினான். "இன்னும் பிளேடுதானாடா? சவரம் பண்ணவே ஜனங்க அத விட்டுட்டாங்க!"

ரோஷம்

அவனிடம் போய்க் கேட்பதாவது! வேறோர் ஆய்வகத்துக்கு அனுப்பினேன். அடிப்பக்கத்துத் துளைப் படலத்தைப் பதமாகச் சுரண்டி எடுத்தேன். வித்து, துளை என்று நுண்ணோக்கிக்காரனுக்கு எல்லாமே அங்கேதானே இருக்கிறது. முடிவு, பச்சைப் பூசணம். மழைக்காலத்தில் ஈர விறகில் படருமே, அது. மறுபடி சுரண்டி அனுப்பினேன். அதே பூசணம்.

ஆய்விதழ் கட்டுரையைத் திருப்பிவிட்டது. டி.என்.ஏ. சரியாக வந்தால்தான் புது இனம் என்றது. அதற்குள் வேறொரு குழு கல்வராயனில் காளான் பொறுக்குவதாகக் காதில் விழுந்தது. அவர்கள் முந்திக்கொண்டால் என் பெயர் போச்சு. எரிந்து எரிந்து விழுந்தேன். என் மனைவி கமலா கொஞ்ச நாள் பொறுத்தாள். பிறகு காபியை டொக்கென்று வைத்தாள். "எவனோ பேரு வெச்சாலும் வெச்சிக்கினு போவட்டும், சிவலிங்கம் மட்டும் அதத் தொடக்கூடாது. நல்லா இருக்குதுங்க உங்க ரோஷம்."

உள்சதை

சிவலிங்கத்துக்குப் போன் போட்டேன். முழுக் காளானையே கேட்டான். அனுப்பித் தொலைத்தேன்.

துளைப் பக்கத்தை அவன் தொடவே இல்லை. காளானைப் பிளந்து, உள்சதையில் கடுகளவு எடுத்துப் போட்டிருக்கிறான். கண்ணுக்குத் தெரியாமல் மேலே படர்ந்திருந்த பூசணத்தையும் சேர்த்தல்லவா நான் சுரண்டி அனுப்பியிருக்கிறேன்! மெஷினில் அது முந்திக்கொண்டது. உள்ளே இருந்ததோ, எதோடும் ஒட்டாத தனி இனம். நான் சொன்னதேதான். சந்தோஷப்பட வேண்டிய நேரம். போனில் அவன் சிரிப்புதான் முதலில் கேட்டது. "உன் கண்ணு சரிடா, கைதான் தோலோட நின்னுடுச்சு. ரெண்டு பேர் பேரையும் போடலாம், உன்னுது முன்னாடி. போதுமா?"

கல்வராயன் பெயரை வைத்த அந்தக் காளானுக்குப் பின்னால் இனி எந்நாளும் என் பெயர் நிற்கும், அதை விடாமல் ஒட்டிக்கொண்டு, டி.என்.ஏ.வைச் சரியாக எடுத்துத் தந்தவன் பெயரும் நிற்கும்: சிவலிங்கம்.