அந்தச் சகோதரருக்காக ஜெபித்தவர்களுக்கு

சென்ற அக்டோபர் மாதம், நம் சபையின் அறுப்பின் பண்டிகையில், ஒரு பெரிய மஞ்சள் பூசணியை, நம் ஊர் அரசாணிக்காயை, ஏலம் விட்டுக்கொண்டிருக்கும்போது நான் செத்துப்போனேன். அப்படித்தான் அப்போது நினைத்தேன்.

உங்களில் பலர் அங்கே இருந்தீர்கள். வருடா வருடம் மைக்கைப் பிடித்து ஏலம் விடுவது நான்தான். சேவலுக்கு ஜாதகம் சொல்வேன், வாழைத்தாருக்கு வரன் பார்ப்பேன். அன்றைக்கு "ஒரு தரம், ரெண்டு தரம்" வரைக்கும் வந்தேன். மூன்றாவது தரம் வாயில் வரவில்லை. நெஞ்சை யாரோ கயிறு கட்டி இறுக்கினார்கள். கை மரத்தது. பந்தல் சுற்றியது. அப்படியே அரசாணிக்காயின் மேல் சாய்ந்தேன்.

நீங்கள் கைதட்டினீர்கள்.

"எட்வினண்ணன் இந்த வருசம் நடிப்பையும் சேத்திப்போட்டாருங்கோ!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். காயின் விலை ஏறியது. உங்களைக் குறை சொல்ல மாட்டேன். இத்தனை வருடம் சிரிக்க வைத்தவன் விழுந்தால் சிரிக்கத்தான் செய்வீர்கள். என் மனைவி கிரேஸ் மட்டும் சிரிக்காமல் எழுந்து ஓடி வந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்துப் பார்த்த டாக்டர், "இதயம் நல்லா இருக்குதுங்க. இது பயத்துல வர்ற படபடப்பு" என்றார். எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. இவ்வளவு பெரிய சாவுக்கு இவ்வளவு சின்னக் காரணமா?

அடுத்த சில வாரங்களில் சிங்காநல்லூரைச் சுற்றியிருக்கும் ஈசிஜி மெஷின்கள் எல்லாம் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குப் பழகிவிட்டன. என்னுடைய மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் கடையைச் சாத்தினேன். பஸ் ஏற மாட்டேன், லிஃப்டில் நுழைய மாட்டேன். முடிவெட்டும் கடையில் கழுத்தைச் சுற்றித் துணி கட்டியதும் மூச்சு முட்டி, பாதி வெட்டிய தலையோடு தெருவில் ஓடினேன். எங்கே போனாலும் ஒரு பை. அதில் தண்ணீர், குளுக்கோஸ், பிரஷர் பார்க்கும் கருவி, முகர்ந்து பார்க்க ஒரு எலுமிச்சம்பழம்.

தனியாக இருக்கவே முடியவில்லை. கிரேஸ் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வேன்.

"கிரேஸ், இருக்கியா?"

"பாத்ரூம்ல இருந்து நான் எங்கீங்க போவேன்?"

சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் அந்த நேரத்தில்தான் அவளுக்குப் பதவி உயர்வு வந்தது. வெள்ளகோவில் பக்கம் ஒரு பள்ளிக்குத் தலைமை ஆசிரியை. ஜூனில் பள்ளி திறக்கும்போது சேர வேண்டும். அங்கேயே அறை எடுத்துத் தங்கி சனிக்கிழமைதான் வீட்டுக்கு வர முடியும். எத்தனையோ வருடங்களாக அவள் காத்திருந்த வேலை. நானோ, அவள் பால் வாங்கப் போய்வரும் நேரம்கூடத் தனியாக இருக்க முடியாதவன்.

ஒரு சாயங்காலம் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே சொன்னாள். "வேண்டாம்னு எழுதிக் குடுத்தர்றேனுங்க. அடுத்த தடவ பாத்துக்கலாம்."

தலை நிமிரவில்லை. அழவில்லை. நான் "சரி" என்றேன். ராத்திரி அந்தப் பீன்ஸ் எனக்கு இறங்கவில்லை.

அன்றைக்கு முழங்காலில் நின்றேன். "ஆண்டவரே, இந்தப் பயத்தை எடுத்துப்போடும். ஜூனுக்குள் எடுத்துப்போட்டால் ரொம்பச் சௌகரியமாக இருக்கும்." கர்த்தருக்கே கெடு வைத்தேன். அழுதேன். தினமும் அதே ஜெபம். ஒன்றும் நடக்கவில்லை. அவர் என்னைக் கைவிட்டுவிட்டார் என்றே முடிவுகட்டினேன்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, வீட்டு ஜெபக்கூட்டத்தில், எப்படியோ துணிந்து எழுந்தேன். துணிச்சல் பாதி வழிதான் வந்தது. "எனக்குத் தெரிஞ்ச ஒரு சகோதரருக்கு மனசுல ரொம்பப் பயமுங்க. பேரு சொல்ல வேண்டாம்னு சொல்லியிருக்காரு. ஜெபிச்சுக்கங்க" என்றேன்.

நீங்கள் ஜெபித்தீர்கள். நானும் அந்த அப்பாவி மனிதனுக்காக உருக்கமாக, சத்தமாக ஜெபித்தேன். அவனுக்கு எந்தக் கை மரக்கிறது என்பது வரைக்கும் கர்த்தருக்கு எடுத்துச் சொன்னேன்.

கூட்டம் முடிந்ததும் நம் ஆயரின் மனைவி, ஆயரம்மா, காபித் தட்டோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அந்தத் தம்பிக்கு நெஞ்சு படபடங்குதுங்களா?"

"ஆமாங்கம்மா."

"இப்பவே உசுரு போயிரும்னு தோணுதுங்களா?"

"தோணுதாமுங்க."

"எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. பெருந்துறைக்கு முன்னால எங்க கார் கவுந்துச்சில்லீங்களா, அதுக்கப்புறம். கார் கதவு சாத்துற சத்தம் கேட்டாவே நடுங்குவேன். நானும் ஜெபம் பண்ணீட்டேதான் இருந்தேன். அப்புறம் மனசுக்கு வைத்தியம் பாக்கற ஆஸ்பத்திரிக்கும் போனேன். அங்க அட்மிட் ஆகச் சொல்றதில்லீங்க. காலைல போயிட்டு மத்தியானம் ஊட்டுக்கு வந்தர்லாம். வாரத்துல மூணு நாள். டாக்டர் பாப்பாங்க, பேசுவாங்க, பயிற்சி குடுப்பாங்க, நம்மள மாதிரி நாலு பேரு கூட உக்காருவாங்க."

"அந்தத் தம்பிகிட்டச் சொல்றேனுங்கம்மா."

"சொல்லுங்க. தொணைக்குக் கிரேஸையும் கூட்டீட்டுப் போகச் சொல்லுங்க."

சொல்லிவிட்டுக் காபித் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் அத்தனை நாளாக வானத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பதில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போனது.

ஜனவரியில் போனேன். முதல் நாள் கிரேஸ் என்னை உள்ளே அனுப்பிவிட்டு வெளியே நின்றாள். காத்திருக்கும் ஹாலில் நுழைந்தால், எதிரே நம் சபைப் பொருளாளர் தேவசகாயம் ஐயா! பண்டிகைக்கு எந்த மைக் செட் வைப்பது என்கிற தகராறில் எனக்கும் அவருக்கும் பேச்சு வார்த்தை நின்றிருந்தது. வேறு வழியில்லாமல் அவரே கேட்டார்.

"ஏனுங்க, இந்தப் பக்கம்?"

"ஒரு சகோதரரப் பாக்க வந்தேனுங்க. நீங்க?"

"நானும் ஒரு சகோதரரத்தான்…"

நர்ஸ் வெளியே வந்தார். "தேவசகாயம், எட்வின். ரெண்டு பேரும் உள்ள வாங்க."

ஓய்வு பெற்றதிலிருந்து அவருக்குக் காலையில் படுக்கையை விட்டு எழுந்திருக்கவே மனம் வரவில்லையாம். எதிலும் பிடிப்பில்லை. யாரிடமும் சொல்லவில்லை. அந்த வெள்ளிக்கிழமை நான் எழுந்து பேசியதும், நான் அவரைத்தான் சொல்கிறேன் என்று நினைத்தாராம். "எவன் போயி இவன்கிட்ட ஓதுனதுன்னு ஊட்டுல எல்லாத்தையும் திட்டிப்போட்டேன். அப்பறம், இத்தன பேரு நமக்காக ஜெபம் பண்ணுனாங்களேன்னு தோணுச்சு. கெளம்பி வந்துட்டேன்" என்றார். எனக்காகக் கேட்ட ஜெபத்தில் அவரும் ஏறிக்கொண்டார். அவர் அனுமதியோடும் ஆயரம்மாவின் அனுமதியோடும்தான் இதை எழுதுகிறேன். 'மைக் செட் விஷயத்தில் நான் சொன்னதுதான் சரி என்று எழுத வேண்டும்' என்பது அவருடைய நிபந்தனை. எழுதிவிட்டேன்.

டாக்டர் மாத்திரை கொடுத்தார். நித்யா என்ற மனநல ஆலோசகர் பயிற்சி கொடுத்தார். பயத்தை விரட்டுவார் என்று பார்த்தால், அவர் அதை வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தார்! சுழல் நாற்காலியில் உட்கார வைத்துச் சுற்றினார். மெல்லிய உறிஞ்சுகுழாய் வழியாக மூச்சு விடச் சொன்னார். மாடிப்படி ஏறி இறங்கச் சொன்னார். நெஞ்சு அடித்துக்கொண்டது.

"படபடப்பு வரட்டும் சார். வந்து என்னதான் பண்ணுதுன்னு பாக்கலாம்."

"செத்துப்போயிருவேனுங்க."

"போன வாரமும் இதேதான் சொன்னீங்க."

கீழேயிருந்து தேவசகாயம் ஐயா, "செயற்குழுவுல பாதில எந்திரிச்சுப் போற மாதிரி போயிராதீங்க. இன்னொரு மாடி ஏறுங்க!" என்று உற்சாகப்படுத்தினார்.

ஒருநாள் குழுவில் பேசும் முறை என்னுடையது. பாதித் தலையோடு ஓடிய கதையை அவிழ்த்துவிட்டேன். அதுவரை வாயே திறக்காத ஒரு கல்லூரிப் பெண்கூட விழுந்து விழுந்து சிரித்தாள். நித்யாவும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "இதே கதைய உங்க வீட்டம்மா சொன்னா எப்படிச் சொல்லுவாங்க சார்?" என்றார்.

எனக்கு இன்னும் குஷி. கிரேஸின் குரலிலேயே ஆரம்பித்தேன். "எங்க ஊட்டுக்காரரு பாதித் தலையோட ஓடியாந்தாருங்க. நான் பரிட்ச ஹால்ல இருந்தேன். போன் வந்துச்சு. லீவு சொல்லிப்போட்டு ஓடியாந்தேன். எத்தனையாவது லீவுன்னு தெரியல. குளிக்கறப்பக்கூடப் பதில் சொல்லோணும். எனக்கு ஒரு வேலை வந்துச்சு…"

அதற்கு மேல் வரவில்லை. யாரும் சிரிக்கவில்லை. என் பயத்தின் கதையை ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன், அதில் கிரேஸ் இருந்ததே இல்லை. நான் அழுதேன். தேவசகாயம் ஐயா கைக்குட்டையை நீட்டினார். "தொடைங்க. தொவச்சதுதான்."

வீட்டுக்குப் போனதும் அவளிடம் சொன்னேன். "எழுதிக் குடுக்காத அம்மணி. ஜூன்ல நீ போற."

"நீங்க?"

"பழகிக்கறேன்."

அன்றிலிருந்து பழகினேன். முதலில் கிரேஸ் மிளகாய் காயவைக்க மொட்டை மாடிக்குப் போனாள். பிறகு கடைவீதிக்கு. பிறகு ஏப்ரலில் ஒருநாள் முழுக்க ஈரோட்டில் இருக்கும் அவள் தங்கை வீட்டுக்கு. போகும்போது என் பையையும் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியைக் கொண்டு போய்விட்டாள். நானே கொடுத்த சாவிதான்.

மதியத்துக்கு முன்னால் அது வந்தது. அதே கயிறு, அதே மரத்த கை. போனைக் கையில் எடுத்தேன். எடுத்து ஃபிரிட்ஜ் மேல் வைத்தேன். அதுவரை என் ஜெபமெல்லாம் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவதுபோல்தான். சீக்கிரம், சீக்கிரம், சீக்கிரம். அன்றைக்கு வேறு மாதிரி வந்தது. "ஆண்டவரே, இது வந்திருக்கிறது. நீரும் இங்கேதான் இருக்கிறீர். மூன்று பேரும் உட்காருவோம்."

உட்கார்ந்தேன். ஏறியது. இன்னும் ஏறியது. பிறகு ஏற இடமில்லாமல் இறங்கியது. கடைசியில் எனக்குப் பசித்தது.

பசித்தது! சாகப்போகிறவனுக்குப் பசிக்குமா? அந்த இடத்திலேயே ஸ்தோத்திரம் சொன்னேன். என் பயத்தை எடுத்துப்போடும் என்றுதான் நான் கேட்டேன். கர்த்தர் பயத்தை அங்கேயே விட்டுவிட்டு, அதன் பக்கத்தில் உட்காரும் தெம்பை எனக்குக் கொடுத்திருந்தார்.

சாயங்காலம் கிரேஸ் வாசலிலேயே கேட்டாள். "வந்துச்சுங்களா?"

"வந்துச்சு."

"என்ன பண்ணுனீங்க?"

"உப்புமா பண்ணுனேன்."

அவள் படியில் உட்கார்ந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அழுதாள். "எனக்கும் ஒரு வாய் வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள். தின்று பார்த்துவிட்டு, "உப்பு எங்கீங்க?" என்றாள்.

மே மாதம் ஸ்தோத்திர ஆராதனையில் நான் எழுந்து நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். தொண்டையைச் செருமிக்கொண்டு, "நீங்கள் யாருக்காக ஜெபித்தீர்களோ, அந்தச் சகோதரன் நான்தான்" என்றேன். சபை அதிரும் என்று எதிர்பார்த்தேன். பெண்கள் பக்கத்திலிருந்து, "அது எங்களுக்கு அப்பவே தெரியுமுங்க!" என்று ஒரு குரல். ஆயர் ஐயா சிரிப்பை அடக்க முடியாமல் வேதாகமத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார். என் ரகசியத்தை என்னிடமிருந்து மட்டும் இத்தனை மாதம் காப்பாற்றி வைத்திருந்தீர்கள். அந்த அன்புக்கு நான் என்ன சொல்வேன்!

ஜூனில் கிரேஸ் போய்ச் சேர்ந்தாள். நான் கடையைத் திறந்தேன். படபடப்பு இன்னும் எப்போதாவது எட்டிப் பார்க்கிறது. வந்தால் இருக்கட்டும் என்று விட்டுவிட்டு கிரைண்டரைக் கழற்றுகிறேன். மாத்திரையை டாக்டர் சொல்கிறபடி சாப்பிடுகிறேன், நானாக நிறுத்தவில்லை. மாதம் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

போன வாரம் பஸ் ஏறி, தனியாக, வெள்ளகோவில் போனேன். பள்ளிக்கூட வராந்தாவில் ஒரு சின்னப் பெண் வழி மறித்தாள்.

"யாரப் பாக்கோணும்?"

"எச்எம்மப் பாக்கோணுங்க."

"எச்எம் கிளாஸ்ல இருக்காங்க. பெல் அடிக்கற வரைக்கும் இங்க உக்காருங்க. சத்தம் போடக்கூடாது."

உட்கார்ந்தேன். அடுத்த வகுப்பிலிருந்து கிரேஸின் குரல் கேட்டது. ஏதோ கணக்கு. பிள்ளைகள் சேர்ந்து பதில் சொன்னார்கள். எனக்கு அவசரமே இல்லை. இப்படி ஒரு சந்தோஷத்தைக் கர்த்தர் எனக்காக வைத்திருந்தாரே என்று சத்தம் போடாமல் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டு இருந்தேன்.

இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது நெஞ்சு காரணமில்லாமல் படபடக்கிறதா? காலையில் எழ மனமில்லையா? எப்போதோ பட்ட அடி இன்னும் நடுங்க வைக்கிறதா? ஜெபியுங்கள், அவர் கேட்கிறார். ஜெபித்துவிட்டு எழுந்து போய் ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்குங்கள். அது விசுவாசக் குறைவு இல்லை. ஜெபிக்க மடக்கிய அதே காலால்தான் நானும் அங்கே நடந்து போனேன். முதல் நாள் தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள், கடையைச் சாத்திவிட்டு வருகிறேன். ஹாலில் கொஞ்சம் சத்தமாகப் பேசுவேன், அதை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள். கர்த்தர் நல்லவர். அதை நான் ருசித்துவிட்டேன், நீங்களும் ருசிக்க வாருங்கள்.