எஃகு உரலைத் தேய்த்த மணல்

ஷஹர்பானுவுக்குச் சுத்தம் என்றால் உயிர். சதுரங்கப்பட்டினத்தில் அவள் வீட்டில் சோறாக்கும் தேக்சாவின் அடியில் முகம் பார்க்கலாம். அந்தப் பொல்லாத சுத்தம்தான் 1977-ல் அவளை வசமாக மாட்டிவிட்டது.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சவுக்குத் தோப்பை ஒட்டியிருந்த ஓர் ஆய்வுக்கூடத்தில் அவளுக்குக் கல் இடிக்கிற வேலை. சிரிக்காதீர்கள், நிஜமாகவே அதுதான் வேலை! எஃகு உரலில் கல்லைப் போட்டு, எஃகு உலக்கையால் மாவாக்கித் தர வேண்டும். அதை விஞ்ஞானி சுப்புராமன் அமிலத்தில் கரைத்து எந்திரத்தில் வைப்பார். நாலு வருடமாகத் தினக்கூலி. மாதக் கடைசியில் நிரந்தர ஆணை வரும் என்று பேச்சு அடிபட்டது. வந்தால் குடும்பத்துக்கே ஆஸ்பத்திரி அட்டை, காட்டினால் வார்டில் கட்டில். அவள் புருஷன் மைதீன் நெஞ்சுச் சீக்கோடு செங்கல்பட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் பாயில் கிடந்தார். அந்த அட்டைக்காக அவள் அல்லாவிடம் அழாத நாளில்லை.

அந்தச் சமயத்தில் சுப்புராமனுக்கு இரண்டு கற்கள் வந்தன. ஒன்று நடுக்கடலின் தரையிலிருந்து வாரியது. இன்னொன்று எங்கோ ஓர் எரிமலைத் தீவில் குழம்பாக வழிந்து இறுகியது. எலுமிச்சம்பழ அளவுதான் இருக்கும். இரண்டுமே பூமிக்கு அடியிலிருந்து வந்தவை. ஒரே இடத்திலிருந்து வந்தனவா, வேறு வேறு ஆழத்திலிருந்தா என்பதுதான் அவர் தலையைக் குடைந்த கேள்வி. கல்லுக்குள் ஸ்ட்ரான்ஷியம் என்று ஒரு பொருள் உண்டு. அதில் ஒரு வகை மட்டும் கோடிக்கணக்கான வருடங்களில் கொஞ்சம் கொஞ்சமாகப் பெருகும். இரண்டு கல்லிலும் அதன் விகிதம் ஒன்றாக இருந்தால் அடியில் எல்லாம் ஒரே சரக்கு. வேறாக இருந்தால், பூமியின் அடிவயிற்றில் மற்றதோடு கலக்காமல் இன்னொன்று கிடக்கிறது, தீவுக் குழம்பு அங்கிருந்து ஏறி வந்திருக்கிறது என்று அர்த்தம்.

கடல்தரைக் கல்லுக்கு 0.7028 வந்தது. தீவுக் கல்லுக்கு 0.7052. சுப்புராமன் தலைகால் புரியாமல் குதித்தார். கட்டுரையை டைப் அடித்து உறையில் போட்டு, எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்.

"ஏன் சார், இதுல தப்பு வராதா?" என்று யாரோ கேட்டார்கள்.

"வேற ஏதாவது கலந்தா வரும். இதோ வாசல்ல கிடக்கே கடற்கரை மணல், அதெல்லாம் அரதப்பழசான பாறை கரைஞ்சு வந்தது. அதுல இந்த எண் எக்கச்சக்கமா இருக்கும். கொஞ்சம் கலந்தாலும் குட்டிச்சுவர்தான்."

ஷஹர்பானு கடித்த லட்டை அப்படியே கீழே வைத்தாள்.

ஒவ்வொரு கல்லுக்குப் பிறகும் உரலைத் தேய்க்க, அமிலத்தில் கழுவி அந்த ஸ்ட்ரான்ஷியத்தைப் போக்கிய வெள்ளை மணல் பாட்டிலில் இருக்கும். தீவுக் கல் இடிக்க வேண்டிய அன்றைக்குப் பாட்டில் காலி, ஸ்டோர்காரர் நீண்ட லீவில். அதற்குமுன் இடித்த உள்ளூர் மலைக்கல்லின் தூசியோடு தீவுக் கல்லைப் போட அவளுக்கு மனம் வரவில்லை. கடற்கரையில் இரண்டு கை மணல் அள்ளி, அரிசி களைகிற மாதிரி மூன்று தண்ணீரில் அலசி, தேக்சாவைத் தேய்ப்பதுபோலத் தேய்த்திருந்தாள். உரல் பளபளத்தது. அந்தப் பளபளப்பின் மூலையில் எத்தனை மணல் ஒட்டிக்கொண்டிருந்ததோ!

மூன்று மணிக்குத் தபால் வண்டி. லட்டு கொடுத்தபோது மணி இரண்டு. கூட வேலை செய்யும் தனகோடியிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"உனக்கு இன்னா பைத்தியமா? யாருக்குத் தெரியப் போவுது? ஆர்டர் வர்ற நேரத்துல வாயத் தொறக்காதடி. அண்ணாத்த அங்க இருமிக்கினு கீறாரு."

சரிதானே? எங்கோ ஒரு தீவு, அதற்கும் கீழே யாரும் பார்க்காத ஆழம். அதற்காக மைதீனை வராந்தாவிலேயே கிடத்துவதா? இரண்டு தடவை சுப்புராமனின் கதவுவரை போய்த் திரும்பினாள். வெளியே வண்டி ஹார்ன் அடித்தது. உறையோடு சுப்புராமன் வெளியே வந்ததும் குறுக்கே போய் நின்றுவிட்டாள்.

"சார், அத அனுப்பாதீங்க. உரல நான் கடற்கரை மணலப் போட்டுத் தேச்சுட்டேன்."

சுப்புராமன் முகத்தில் ஈயாடவில்லை. அடுத்த நிமிஷம் கூடமே அதிர்ந்தது. "ஒரு வருஷ உழைப்பும்மா! போ வெளியில! என் கண் முன்னாடி நிக்காத!"

அவள் சவுக்கு மரத்தடியில் போய் நின்றாள். வேலை போச்சு, அட்டை போச்சு, எல்லாம் போச்சு என்று மனம் அடித்துக்கொண்டது.

உள்ளே சுண்டைக்காய் அளவு தீவுக் கல் மிச்சம் இருந்தது. தனகோடியை இடிக்கச் சொன்னார். அவள் உலக்கையைத் தூக்கும்போது சுப்புராமன் நிறுத்தினார்.

"உரலை எதால தேய்ச்சே?"

"பாட்டில் மணல்தான் சார்," என்றாள் தனகோடி. பாட்டில் இன்னும் காலியாகத்தான் இருந்தது.

சுப்புராமன் வெளியே வந்தார். "பானு, வாம்மா. தப்பு நடந்தா சொல்றவ நீ ஒருத்திதான். நீயே இடி."

புதிய மணல் வந்த பிறகு இடித்தாள். மூச்சுப் பட்டால் மாவு பறந்துவிடுமோ என்று வாயில் முந்தானையைக் கட்டிக்கொண்டாள். ஐந்தாம் நாள் எந்திரத்தின் பேனா காகிதத்தில் ஏறி ஏறி இறங்கியது. சுப்புராமன் ஸ்கேல் வைத்து அளந்தார், மறுபடி அளந்தார்.

"0.7040."

"கொறஞ்சு பூட்ச்சே சார்!" அவளுக்கு அழுகை முட்டியது.

"குறைஞ்சது உன் மணல். மிச்சம் நிக்கறது பூமி. இப்பவும் கடல்தரைக் கல்லைவிடக் கூடத்தான் இருக்கு. அடியில வேற ஒண்ணு இருக்கறது நிஜம்."

ஒரே கல்லை இரண்டு தடவை இடித்ததற்கு ஆபீஸில் படிவம் கேட்டார்கள். 'தவறுக்குப் பொறுப்பானவர்' என்ற கட்டத்தில் அவள் பெயர் இருக்கும் என்றே நினைத்துப் படிவத்தை வாங்கினாள். சுப்புராமன் தன் பெயரை எழுதியிருந்தார். 'தவறைக் கண்டுபிடித்தவர்' என்ற இடத்தில் ஷஹர்பானு.

"சார், தேச்சது நானு."

"பாட்டில் தீராமப் பார்த்துக்க வேண்டியது நான். பேசாம கையெழுத்துப் போடு."

மாதக் கடைசிப் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. அட்டையோடு செங்கல்பட்டு பஸ் பிடித்தாள். வார்டில் கட்டில் கிடைத்த அன்று மைதீன் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்: "அந்தக் கல்லு இன்னா ஆச்சு?"

"அடியில வேற ஒண்ணு கீதாங்க," என்றாள். "நல்லவேள, நான் அதக் கெடுத்துடல."